14 கோரா, 6 கோரா? ஒரு கல்யாண வீடியோ எடிட்டரின் கேள்வி

எபிசோடின் எழுத்து வடிவம் இது. பேச்சில் திரும்பத் திரும்ப வந்ததை நீக்கி, வாசிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறோம்.

இந்த வாரம் ஒரு வாய்ஸ் நோட்டிலிருந்து ஆரம்பிக்கலாம். மதுரையிலிருந்து ஒரு தம்பி அனுப்பியிருந்தார். கல்யாண வீடியோ எடிட் பண்றவர். இதுவரைக்கும் ஒரு ஸ்டுடியோவில் உட்கார்ந்து அவங்க கம்ப்யூட்டரிலேயே வேலை பார்த்திருக்கார். இப்போ வீட்டிலிருந்தே சொந்தமா செய்யலாம்னு முடிவு. அதுக்காக அம்மாவோட வளையலை அடகு வெச்சு 55,000 ரூபாய் கையில வெச்சிருக்கார். ஆவணி முகூர்த்தம் ஆரம்பிக்கிறதுக்குள்ள மெஷின் ஓடணும்.

கடையில் ரெண்டு கொட்டேஷன் குடுத்திருக்காங்க. ஒண்ணு, பழைய சர்வரிலிருந்து கழற்றின இன்டெல் ஜியான் இ5-2680 வி4. 14 கோர், 28 த்ரெட், கூடவே ஒரு மதர்போர்டு, 64 ஜிபி ரேம், செகண்ட் ஹேண்ட் கிராஃபிக்ஸ் கார்டு. இன்னொண்ணு, புது கோர் ஐ5-12400. 6 கோர், 12 த்ரெட், 16 ஜிபி ரேம். மொத்த விலை ரெண்டும் பக்கத்துல பக்கத்துலதான் வருது. தம்பி கேட்ட கேள்வியை அப்படியே சொல்றேன்: "அண்ணே, 14 பெருசா 6 பெருசான்னு எங்கம்மாவே கேக்குறாங்க. நான் என்னன்னு சொல்ல?"

இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்றதுக்கு ஒரு தகுதி இருக்கு. நான் ஒருமுறை 14 வாங்கி மாட்டினவன். அந்தக் கதைக்கு வர்றேன். முதல்ல, இந்த 14 கோர் எப்படி இவ்வளவு சல்லிசா கிடைக்குதுங்கிறதைப் பார்ப்போம்.

2016-இல் இந்த ஜியான் வெளிவந்தபோது இன்டெல் போட்ட விலை 1,745 டாலர். நம்மள மாதிரி ஆட்களுக்காகச் செஞ்சது இல்ல அது. டேட்டா சென்டருக்காகச் செஞ்சது. அங்கே சர்வரைச் சில வருஷத்துக்கு ஒருமுறை மொத்தமா மாத்திடுவாங்க. ப்ராசசர் கெட்டுப்போனதால இல்ல, புது சர்வர் அதே கரண்டுக்கு இன்னும் நிறைய வேலை செய்யுங்கிறதால. அப்போ பழசு லாட் லாட்டா வெளியே வரும். ப்ராசசர்ங்கிறது அவ்வளவு சீக்கிரம் தேயுற சாமான் இல்லாததால, கழற்றி விற்கிறாங்க. சீனாவில் சின்னச் சின்ன கம்பெனிகள் அதுக்கு ஏத்த மதர்போர்டு செஞ்சு தள்றாங்க. ரெண்டையும் சேர்த்து ஒரு செட். அதனால சீப்பா இருக்குங்கிறதுல ஏமாத்து வேலை ஒண்ணும் இல்ல. சரக்கு அசல்தான். அது யாரோட வேலைக்காகச் செஞ்ச சரக்குங்கிறதுதான் கேள்வி.

தம்பி கல்யாணத் தொழிலில் இருக்கிறதால பந்தியை வெச்சே சொல்றேன். 300 இலை போட்ட பந்தி. பரிமாற 14 பேர் இருந்தா அருமையா நடக்கும். ஒவ்வொருத்தரும் கொஞ்சம் மெதுவா நடந்தாலும் பரவாயில்லை. இந்த இலைக்கு சாம்பார் ஊத்துறதுக்கும் அந்த இலைக்கு ரசம் ஊத்துறதுக்கும் சம்பந்தமே இல்லை. எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கலாம். சர்வர் வேலை இதுதான். ஒரு வெப்சைட்டுக்கு ஒரே நொடியில் ஆயிரம் பேர் வர்றாங்க, ஆயிரமும் தனித்தனி இலை.

இப்போ ஒரே ஒரு இலை, ஒரே ஒரு ஆள். அவர் முன்னாடி 14 பேர் வாளியோட நின்னா என்ன ஆகும்? சோறு விழாம சாம்பார் ஊத்த முடியாது. சாம்பார் சாதம் முடியாம ரசம் வராது. 12 பேர் சும்மா நிப்பாங்க. அங்கே தேவை, ஓடி ஓடிப் பரிமாறுற ரெண்டு மூணு பேர். டெஸ்க்டாப்பில் நாம பண்ற பெரும்பாலான வேலை இந்த ஒத்தை இலைதான். மவுஸைக் கிளிக் பண்றோம், ஏதோ ஒண்ணு நடக்கணும், அது முடிஞ்சாதான் அடுத்தது.

இதையே கணக்கா 1967-இல் ஜீன் அம்டால் என்ற கம்ப்யூட்டர் வடிவமைப்பாளர் முன்வைத்தார். அம்டால் விதின்னு இன்னைக்கும் பாடத்தில் இருக்கு. ஒரு வேலையில் 95 சதவீதத்தைப் பிரித்துக் கொடுக்க முடியும், 5 சதவீதத்தை மட்டும் வரிசையாத்தான் செய்ய முடியும் என்றால், எத்தனை ஆயிரம் கோர் போட்டாலும் வேகம் 20 மடங்கைத் தாண்டாது. அந்த 5 சதவீதம் எல்லாரையும் காத்திருக்க வைக்கும். 95-க்கே இந்தக் கதி. எடிட்டிங் டைம்லைனில் பிரிக்க முடியாத பங்கு இதைவிட அதிகம்.

சரி, 14 கோரையும் வேகமாகவே ஓட்ட வேண்டியதுதானே? இங்கேதான் கரண்ட் குறுக்கே வருது. ஒரு சிப் குடிக்கிற கரண்ட், அதன் வேகத்துக்கு ஏற்ப ஏறும். ஆனா வேகத்தை ஏத்தணும்னா வோல்டேஜையும் ஏத்தணும், அந்த வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப கரண்ட் எகிறும். அதனால கடைசி கொஞ்சம் வேகத்துக்கு ரொம்ப விலை. சர்வர் செய்யுறவங்க அந்த விலையைக் கொடுக்க மாட்டாங்க. 120 வாட்டுக்குள்ள 14 கோரையும் நிதானமா ஓட விடுவாங்க. 2680 வி4-இன் அடிப்படை வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ், டர்போவில் அதிகபட்சம் 3.3. அதுவும் ஒண்ணு ரெண்டு கோர் மட்டும் வேலை செய்யும்போது. எல்லா கோரும் இறங்கினா 3-க்குக் கீழே வந்துடும்.

2022-இல் வந்த 12400-க்கு டர்போ 4.4. "சரி, 3.3-க்கு 4.4, மூணில் ஒரு பங்குதானே கூட"ன்னு நினைக்கலாம். இல்லை. கிகாஹெர்ட்ஸ் சொல்றது ஒரு நொடியில் எத்தனை அடி வைக்குதுன்னு மட்டும்தான். ஒவ்வொரு அடியும் எவ்வளவு நீளம்ங்கிறது வேற. ரெண்டு சிப்புக்கும் நடுவில் ஆறு வருஷ வடிவமைப்பு மாற்றம் இருக்கு, புதுசு ஒரு அடியிலேயே அதிக வேலையை முடிக்குது. ரெண்டும் சேர்ந்து, ஒரே கோரை மட்டும் ஓட விட்டுப் பார்க்கிற டெஸ்டுகளில் 12400 ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகம். எல்லா கோரையும் ஓட விட்டால்? ரெண்டும் கிட்டத்தட்டப் பக்கத்துல பக்கத்துல வந்து நிக்கும். அதாவது 14 பேர் சேர்ந்து செய்யிற வேலையை இந்த ஆறு பேரும் செஞ்சுடுறாங்க. ஒத்தை ஆள் வேலையில் அவங்க பக்கத்திலேயே வர முடியலை.

அம்மாவுக்குச் சொல்ற பதில் இதுலயே பாதி வந்துடுச்சு. ஆனா தம்பியோட விஷயத்தில் இதைவிடப் பெரிய காரணம் ஒண்ணு இருக்கு. கொட்டேஷன் பேப்பரில் அதுக்கு ஒரு வரிகூட இருக்காது.

இன்னைக்குக் கல்யாணத்துக்கு வர்ற சோனி, கேனான் மிரர்லெஸ் கேமராக்கள் பலதிலும் ஹெச்.265 வடிவத்தில், 4:2:2 10-பிட் நிறத்தில் ஷூட் பண்ண முடியும். பட்டுப் புடவையோட சிவப்பு, மேடை லைட்டு இதையெல்லாம் பின்னாடி கலர் சரி பண்ணும்போது நல்லா வளைஞ்சு குடுக்கும்ங்கிறதால நிறைய பேர் அதைத்தான் விரும்புறாங்க. ஆனா ஹெச்.265-ங்கிறது ரொம்ப இறுக்கி மடிச்ச பட்டு மாதிரி. ஒரு ஃப்ரேமை விரிக்கணும்னா, பெரும்பாலும் அதுக்கு முன்னாடி பின்னாடி இருக்கிற ஃப்ரேம்களையும் விரிக்கணும். டைம்லைனில் நீங்க ப்ளேஹெட்டை இழுக்கிற ஒவ்வொரு தடவையும் இது நடக்குது. தாலி கட்டுற ஷாட்டில் சரியான ஃப்ரேமைத் தேடி முன்னாடி பின்னாடி போவீங்கல்ல, அப்போதான் கம்ப்யூட்டர் மூச்சு வாங்கும்.

இந்த விரிக்கிற வேலைக்குன்னே தனியா ஒரு சின்னப் பகுதியை இன்டெல் தன் டெஸ்க்டாப் ப்ராசசர்களோட கிராஃபிக்ஸுக்குள்ள வெச்சிருக்கு. க்விக் சிங்க்னு பேர். 11-ஆம் தலைமுறையிலிருந்து அது ஹெச்.265 4:2:2 10-பிட்டையும் நேரடியாகவே விரிக்கும். 12400-இல் இருக்கு. ஜியான் இ5-இல் இல்லவே இல்லை. சர்வருக்கு ஸ்க்ரீனே கிடையாது, அப்புறம் எதுக்கு கிராஃபிக்ஸ்? "நான்தான் தனியா கிராஃபிக்ஸ் கார்டு போடுறேனே"ன்னா, என்விடியா கார்டுகளில் 4:2:2-வை விரிக்கிற வசதி 2025-இல் வந்த 50 சீரீஸில்தான் வந்தது. செகண்ட் ஹேண்டில் உங்க பட்ஜெட்டுக்குக் கிடைக்கிற பழைய கார்டு அதைச் செய்யாது. அப்போ அந்த மொத்தச் சுமையும் பழைய கோர்கள் தலையில விழும். 14 கோர் இருந்தும் டைம்லைன் விக்கி விக்கி ஓடும்.

நியாயமா ஒண்ணு சொல்லணும். ராத்திரி படுக்கப் போகும்போது எல்லா க்ளிப்பையும் லேசான ப்ராக்ஸி ஃபைலா மாத்த விட்டுட்டா, காலையில ஜியானிலும் வழுக்கிட்டுப் போகும். ப்ராக்ஸி செய்யுறது பந்தி வேலை, ஒவ்வொரு க்ளிப்பும் தனி இலை. அங்கே 14 கோருக்கு வேலை இருக்கு. ஆனா காலையில ஷூட் முடிஞ்சு சாயங்காலம் ரிசப்ஷனில் ஹைலைட்ஸ் ஓடணும்னு கேக்குற பார்ட்டிகிட்ட, "ப்ராக்ஸி ஓடிட்டிருக்கு சார்"னு சொல்ல முடியாது.

இப்போ என் கதை. 2021-இல் நானும் இதே மாதிரி ஒரு செட் வாங்கினேன். எந்தக் கடைங்கிறதெல்லாம் வேண்டாம். 28 த்ரெட்டும் டாஸ்க் மேனேஜரில் கட்டம் கட்டமா தெரியுறதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து எல்லா குரூப்பிலயும் போட்டேன். அது ஒரு வாரச் சந்தோஷம். அப்புறம் பார்த்தா, கம்ப்யூட்டரை ஸ்லீப்பில் போட்டா எழுந்திருக்காது. பயாஸ் அப்டேட் தேடினா, போர்டு செஞ்ச கம்பெனிக்கு வெப்சைட்டே இல்லை. போர்டு மேல எக்ஸ்99-ன்னு பெருசா அச்சடிச்சிருக்கு, உள்ளே இருக்கிறது வேற ஏதோ பழைய சிப்செட். ஏழாவது மாசம் ஒருநாள் பவர் பட்டனை அழுத்தினேன், ஃபேன் சுத்துச்சு, ஸ்க்ரீன் வரலை. கடைக்குப் போனா, "அது டெஸ்டிங் வாரன்ட்டி மட்டும்தான் சார்"னாங்க. பில்லில் சின்ன எழுத்தில் போட்டுத்தான் இருந்தது. நான் படிக்கலை.

ப்ராசசரும் ரேமும் நல்லாத்தான் இருந்துச்சு. சரி, ரேமையாவது புது டெஸ்க்டாப்பில் போடலாம்னு எடுத்துட்டுப் போனா, அதுவும் நடக்கலை. சர்வர் ரேம் பெரும்பாலும் ரெஜிஸ்டர்டு வகை. அதே டிடிஆர்4, அதே நீளம், பார்க்க ஒரே மாதிரி. ஆனா சாதாரண டெஸ்க்டாப் போர்டில் ஓடாது. தம்பி, உங்க கொட்டேஷனில் 64 ஜிபி ரேம் மலிவா இருக்கிறதுக்கு இதுதான் காரணம். அந்த உலகத்தை விட்டு வெளியே வந்தா அதுக்கு மதிப்பு இல்லை.

இன்னும் ரெண்டு சில்லறை விஷயம். கரண்ட் பில்: ஜியான் மெஷின் சராசரியா 80 வாட் கூடுதலா இழுக்குதுன்னு வெச்சுக்குவோம், ஒரு நாளைக்கு 10 மணி நேரம். மாசம் 24 யூனிட், நம்ம ஊர் ரெண்டு மாச பில்லில் 48 யூனிட். ஏற்கெனவே 500 யூனிட் எல்லையில் நிக்கிற வீடா இருந்தா, அந்த 48 ரேட்டையே மாத்திடும். அடுத்தது விண்டோஸ்: விண்டோஸ் 10-க்கான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோட முடிஞ்சது. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஏத்துக்கிற ப்ராசசர் பட்டியலில் இந்த ஜியான் இல்லை. சுத்தி வளைச்சு இன்ஸ்டால் பண்ண வழி இருக்கு. ஆனா அடுத்தவங்க கல்யாண ஃபுட்டேஜை வெச்சிருக்கிற மெஷினில் அந்த விளையாட்டு வேணுமான்னு யோசிங்க.

இவ்வளவு சொன்னதால ஜியான்னா குப்பைன்னு யாரும் எடுத்துக்காதீங்க. சர்வர் ப்ராசசருக்குக் காசு குடுக்க நல்ல காரணங்கள் இருக்கு, அதுல கோர் எண்ணிக்கை மட்டும் இல்லை. அதே 2680 வி4-க்கு 1.5 டிபி வரைக்கும் ரேம் போடலாம். 12400-க்கு எல்லை 128 ஜிபி. ஜியானில் 40 பிசிஐ எக்ஸ்பிரஸ் லேன், டெஸ்க்டாப்பில் 20. நாலஞ்சு கிராஃபிக்ஸ் கார்டு, வரிசையா எஸ்எஸ்டி எல்லாம் ஒரே மெஷினில் மாட்டணும்னா அந்த இடம் தேவைப்படும். மெமரியில் ஒரு வேடிக்கை பாருங்க: ஜியான் நாலு சேனலில் டிடிஆர்4-2400 போட்டு நொடிக்கு 76.8 ஜிபி இழுக்கும். 12400-இல் டிடிஆர்5-4800 போட்டா, ரெண்டே சேனலில் அதே 76.8. ஆறு வருஷத்தில் ரோடு பாதியாகி வேகம் இரட்டிப்பாயிடுச்சு.

அப்புறம் இசிசி ரேம். இதுதான் எனக்கு சர்வர் உலகத்தில் ரொம்பப் பிடிச்ச விஷயம். 2003-இல் பெல்ஜியத்தில் தேர்தல். ஸ்கார்பீக்ங்கிற ஊரில் மின்னணு வாக்குப்பதிவு. ஒரு வேட்பாளருக்கு, வர வாய்ப்பே இல்லாத அளவுக்கு ஓட்டு வந்திருந்தது. திரும்ப எண்ணிப் பார்த்தா சரியா 4,096 ஓட்டு அதிகம். கம்ப்யூட்டர் படிச்சவங்களுக்கு அந்த எண்ணைப் பார்த்ததும் பொறி தட்டும். 2-இன் 12-ஆவது அடுக்கு. மெமரியில் ஒரே ஒரு பிட், 0-வாக இருந்தது 1-ஆகத் தானாகப் புரண்டிருக்கு. விண்வெளியிலிருந்து வந்த ஒரு துகள் மோதியிருக்கலாம்னு சொல்லப்பட்டது. இசிசி ரேமில் ஒவ்வொரு 64 பிட்டுக்கும் 8 பிட் கூடுதலா காவலுக்கு இருக்கும். ஒரு பிட் புரண்டால் தானே திருத்திடும், ரெண்டு புரண்டால் கத்திச் சொல்லிடும். பேங்க் கணக்கு, ஆஸ்பத்திரி ரெக்கார்டு, மாசக்கணக்கில் நிறுத்தாம ஓடுற டேட்டாபேஸ், இதுக்கெல்லாம் இது வேணும். ஹைலைட்ஸ் வீடியோவில் ஒரு பிட் புரண்டா, மாப்பிள்ளை கன்னத்தில் ஒரு புள்ளி ஒரு ஃப்ரேமுக்கு நிறம் மாறலாம். மாமியார்கூடக் கண்டுபிடிக்க மாட்டாங்க.

பேரை வெச்சு முடிவு பண்ணாதீங்கன்னும் சொல்லணும். சர்வர், டெஸ்க்டாப்புங்கிற கோடு நாம நினைக்கிற மாதிரி கெட்டியானது இல்லை. ஒரு காலத்தில் ஜியான் இ3-1230 வி3-ன்னு ஒண்ணு, சாதாரண டெஸ்க்டாப் போர்டிலேயே உட்காரும். கோர் ஐ7 வாங்கக் காசு பத்தாதவங்க அதைத் தேடித் தேடி வாங்கினாங்க. 2015-இல் அடுத்தடுத்த தலைமுறை வந்தப்போ, தனி சிப்செட் இருந்தாதான் ஓடும்னு இன்டெல் கதவைச் சாத்திடுச்சு. ஏஎம்டி 2024-இல் எபிக் 4004-ன்னு சர்வர் பேரில் வெளியிட்டதைப் பார்த்தா, அடிப்படையில் ரைசன் 7000. அதே ஏஎம்5 சாக்கெட். மைன்கிராஃப்ட் சர்வர் நடத்துறவங்க டெஸ்க்டாப் ப்ராசசரைத்தான் தேடுவாங்க, ஏன்னா அந்த விளையாட்டோட உலகம் பெரும்பாலும் ஒரே த்ரெட்டில்தான் சுத்துது. பேரு சர்வர், வேலை ஒத்தை இலை.

என்னோட ஜியான் என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. ஒரு வருஷம் அட்டைப்பெட்டியில் கிடந்தது. அப்புறம் ஒரு ஆபீஸ் கழிச்சுவிட்ட பழைய ஒர்க்ஸ்டேஷன் ஒண்ணு மலிவா கிடைச்சது, நிஜமான பிராண்டட் போர்டு. அதில் அந்த ப்ராசசரையும் ரேமையும் போட்டு, நெட்வொர்க்கிங் படிக்கிற என் சித்தி பையனுக்குக் குடுத்தேன். ஒரே மெஷினுக்குள்ள எட்டுப் பத்து விர்ச்சுவல் மெஷினை ஓட விட்டு, ஒண்ணை உடைச்சு ஒண்ணைச் சரி பண்ணிப் பழகுறான். ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு மூணு த்ரெட், கொஞ்சம் ரேம். எனக்கு விக்கி விக்கி ஓடின அதே சிப் அவன்கிட்ட சிங்கம் மாதிரி இருக்கு.

தம்பி, உங்களுக்கு 12400. ரேமை ஒரே 16 ஜிபி குச்சியா வாங்காம, ரெண்டு 8-ஆ வாங்குங்க, ரெண்டு சேனலும் ஓடட்டும். முடிஞ்சா நாலு ஸ்லாட் இருக்கிற போர்டா கேளுங்க, முதல் பேமென்ட் வந்ததும் இன்னும் 16 போடலாம். எடிட்டிங்குக்கு 16 கொஞ்சம் நெருக்கடிதான். தனி கிராஃபிக்ஸ் கார்டை இப்போதைக்கு விட்டுடுங்க.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. கடையில் "ஒரே ப்ராசசர்தான் சார், ஆயிரம் ரூபாய் கம்மி"ன்னு 12400எஃப்-ஐ எடுத்துக் கொடுப்பாங்க. கடைசியில் அந்த எஃப் இருந்தா உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. கிராஃபிக்ஸ் இல்லைன்னா க்விக் சிங்க்கும் கிடையாது. நாம இவ்வளவு நேரம் பேசினதே அதுக்காகத்தான். பில்லிலும் பாக்ஸிலும் எஃப் இல்லைன்னு பார்த்துட்டுப் பணத்தைக் குடுங்க. அம்மா கேட்டா, "14 பேர் நடந்து வர்றாங்கம்மா, 6 பேர் ஓடி வர்றாங்க"ன்னு சொல்லுங்க. வளையலை மீட்டதும் இன்னொரு வாய்ஸ் நோட் அனுப்புங்க.